மிக்ஸ் முடிந்த இரவே பாட்டை ஏற்றாதீர்கள்: கையைக் கடிக்காத மாஸ்டரிங், சொந்த வெளியீடு

என் முதல் பாட்டின் மிக்ஸை, அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் கலக்கும் வேலையை, ஒரு வியாழன் இரவு ஒன்றரை மணிக்கு முடித்தேன். இரண்டு மணிக்கு, கலந்த பாட்டுக்குக் கடைசி மெருகு போடும் ஓர் இணைய மாஸ்டரிங் சேவையில் போட்டு எடுத்தேன். இரண்டரைக்கு, பாட்டை இசைச் செயலிகளுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தில் ஏற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் இயர்போனை மாட்டிக் கேட்டால், இரண்டாம் சரணத்தில் பாடகியின் குரலுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். மிக்ஸிலும் அது இருந்தது, ஆனால் அடங்கிக் கிடந்தது. மாஸ்டரிங் மொத்தச் சத்தத்தையும் தூக்கியபோது விசிலையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. ஏற்றிய ஆடியோவை மாற்ற அந்தத் தளத்தில் வழியில்லை. நீக்கிவிட்டு மறுபடி பணம் கட்டி ஏற்றினேன்.

வீட்டில் பாட்டுச் செய்து சொந்தமாக வெளியிடுகிறவர்களுக்குக் காசில்லாததைவிட அவசரம்தான் அதிகச் செலவு வைக்கிறது. கருவிகள் பாதி இலவசம், மீதி மலிவு. ஒரு மாதம் பொறுத்தால், ஒற்றைப் பாட்டை ஒழுங்காக வெளியிட இரண்டு மூன்றாயிரம் ரூபாய் போதும். ஒரு பைசா செலவில்லாமலும் முடியும். அந்த ஒரு மாதத்தை எப்படிச் செலவிடுவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மூன்று நாள் சும்மா இருங்கள்

மிக்ஸ் முடிந்ததும் பாட்டைத் தொடாதீர்கள். மூன்று நாள் கழித்துக் கேளுங்கள், ஸ்டூடியோ ஹெட்ஃபோனில் அல்ல. கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில், நூறு ரூபாய் இயர்போனில், நண்பரின் காரில், சின்ன புளூடூத் ஸ்பீக்கரில். கேட்கிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் கேட்கப்போகிறார்கள். கைபேசி ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் மறைந்துபோவது இயல்பு. ஆனால் குரலில் வார்த்தை புரியாவிட்டால் மிக்ஸ் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். இடது வலதை ஒன்றாக்கி மோனோவிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஹெட்ஃபோனில், சத்தத்தைக் கூட்டி, குரல் இல்லாத இடங்களை மட்டும் கேளுங்கள். ஃபேன், பிரிட்ஜின் உறுமல், பாடகரின் ஹெட்ஃபோனிலிருந்து மைக்குக்குக் கசிந்த சுருதிப் பெட்டி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். என் விசில் இருந்ததும் இரண்டு வரிகளுக்கு இடையில்தான்.

மாஸ்டரிங் எதைச் செய்யும், எதைச் செய்யாது

மிக்ஸிங்கில் குரல், கிட்டார், தாளம் எல்லாம் தனித்தனி டிராக். மாஸ்டரிங்கில் எல்லாம் கலந்த ஒரே ஸ்டீரியோ ஃபைல்தான் கையில் இருக்கும். சாம்பாரை இறக்கி வைத்த பிறகு பருப்பு வேகவில்லை என்று தெரிந்தால் கொத்தமல்லி தூவி என்ன பயன்? குரல் தாழ்ந்திருக்கிறது, மிருதங்கம் ஓங்கியிருக்கிறது என்பதெல்லாம் மிக்ஸில் சரிசெய்ய வேண்டியவை. ஒட்டுமொத்தச் சத்த அளவு, அடி முதல் உச்சம் வரையான ஒலியின் சமநிலை, ஆல்பமாக இருந்தால் பாட்டுக்குப் பாட்டு ஒரே மாதிரி கேட்பது, தொடக்க முடிவு ஒழுங்கு ஆகியவற்றை மட்டும் மாஸ்டரிங் பார்த்துக்கொள்ளும்.

அதற்கு அனுப்பும் ஃபைலை எடுக்கும்போது மாஸ்டர் டிராக்கில் போட்டிருக்கும் லிமிட்டரை (ஒலியின் உச்சம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) கழற்றிவிடுங்கள். உச்சம் மைனஸ் 3 முதல் மைனஸ் 6 டெசிபல் வரை இருந்தால் போதும். 24 பிட் வேவ் ஃபைலாக எடுங்கள். ரெக்கார்டிங் 48 கிலோஹெர்ட்ஸில் நடந்திருந்தால் 48-லேயே எடுங்கள், இந்தக் கட்டத்தில் 44.1-க்கு மாற்ற வேண்டாம். பாட்டு முடிந்து எதிரொலி முழுக்க அடங்கும்வரை விட்டு நிறுத்துங்கள். எம்.பி.3-யை மாஸ்டரிங்குக்கு அனுப்பாதீர்கள். அதில் தொலைந்த ஒலி திரும்பி வராது.

இயந்திரம், நீங்கள், இன்னொருவர்

இயந்திரத்திடம் கொடுப்பது எளிது. 2014-ல் வந்த லேண்டர் என்ற இணையச் சேவை இதைப் பரவலாக்கியது. பேண்ட்லேப் இலவசமாகவே செய்து தருகிறது. அதில் யுனிவர்சல், ஃபயர், கிளாரிட்டி, டேப் என்று சில சுவைகள் உண்டு. லாஜிக் புரோ இசை மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு 2023-லிருந்து அதிலேயே மாஸ்டரிங் உதவியாளர் இருக்கிறது. கிட்டார், டிரம்ஸ், சிந்தசைசர் என்று வழக்கமான பாப் அமைப்பில் இருக்கும் பாட்டுக்கு இவை மோசமில்லை. நம் வாத்தியங்களில்தான் தடுமாறுகின்றன. நாதஸ்வரம் 3 கிலோஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே காதைத் துளைக்கும். அதைப் ‘பளிச்’ என்று ஆக்குகிறேன் பேர்வழி என்று இயந்திரம் இன்னும் தீட்டிவிடும். பறையின் அடியும் மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ‘தொம்’மும் லிமிட்டரில் நசுங்கி அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி ஆகிவிடும். ஃபயர் என்ற பெயரைப் பார்த்துப் பறைப் பாட்டை அதில் தள்ளியவன் நான். சோதிக்கும்போது ஒரு விதி: வந்த மாஸ்டரின் சத்தத்தை உங்கள் மிக்ஸ் அளவுக்குக் குறைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும். எல்லோர் காதும் ஏமாறுவது இங்கேதான்.

நீங்களே செய்வதென்றால் ரீப்பர் மென்பொருளை 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். தனிநபருக்கு உரிமம் 60 டாலர். ஆடாசிட்டி முழுக்க இலவசம். ரீப்பரோடு டி.டி.ஆர். நோவா என்ற ஈக்வலைசர் (அடி, நடு, உச்ச ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது), லவுட்மேக்ஸ் என்ற லிமிட்டர், யூலீன் லவுட்னஸ் மீட்டர் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றுமே இலவசமாகக் கிடைப்பவை. இவை போதும். ஆயிரக்கணக்கில் விற்கும் பிளகின்களை வாங்கச் சொல்லும் காணொளிகளை இப்போதைக்கு மூடிவையுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் உங்கள் பாட்டின் வகையைச் சேர்ந்த, நீங்கள் மதிக்கும் பாட்டு ஒன்றை இன்னொரு டிராக்கில் வைத்து, அதன் சத்தத்தை உங்கள் மிக்ஸுக்குச் சமமாகக் குறையுங்கள். இதுதான் உங்கள் அளவுகோல். ஈக்வலைசரில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். அங்கே இசை ஏறக்குறைய இல்லை, லாரி போன அதிர்வுதான் இருக்கும். அறை சின்னதாக இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை மந்தமாகக் கேட்கும். அங்கே ஒன்று, ஒன்றரை டெசிபல் குறைத்துப் பாருங்கள். எந்த இடத்திலும் 2 டெசிபலுக்கு மேல் ஏற்றி இறக்கத் தோன்றினால் ஈக்வலைசரை மூடிவிட்டு மிக்ஸுக்குத் திரும்புங்கள். கடைசியாக லிமிட்டர். மேல் எல்லை மைனஸ் 1 டெசிபல். பாட்டில் மிகச் சத்தமான இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டு மெல்ல ஏற்றுங்கள். தாளத்தின் முதல் அடியில் குத்து குறைகிற புள்ளி ஒன்று வரும். அதிலிருந்து ஒரு டெசிபல் பின்வாங்கி நிறுத்துங்கள்.

ஆளிடம் கொடுப்பதுதான் நான் இப்போது செய்வது, அதுவும் எல்லாப் பாட்டுக்கும் இல்லை. சொந்தமாக அறை வைத்து மாஸ்டரிங் செய்யும் இளைஞர் ஒருவருக்கு ஒரு பாட்டுக்கு இரண்டாயிரம் கொடுக்கிறேன். பெயர் பெற்ற ஸ்டூடியோக்களில் இதைப்போல் பல மடங்கு கேட்பார்கள். மிக்ஸ் செய்தவரிடமே கொடுக்காமல் வேறு காதிடம் கொடுப்பது நல்லது. முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை: எத்தனை முறை திருத்தித் தருவார், வேவ் ஃபைலாகத் தருவாரா, குரல் இல்லாத இசை மட்டுமான வடிவத்தையும் அதே விலையில் மாஸ்டர் செய்வாரா. மேடைக்கோ குறும்படத்துக்கோ அந்த வடிவம் எப்போதாவது தேவைப்படும், அப்போது போய்க் கேட்டால் தனிக் காசு. குறிப்பு அனுப்பும்போது “வார்ம்த் வேணும்” என்று எழுதாதீர்கள். “1:40-ல் நாயனம் குத்துகிறது, அதை மட்டும் கொஞ்சம் தணியுங்கள்” என்று எழுதுங்கள்.

அந்த மைனஸ் 14 பயம்

லஃப்ஸ் என்பது பாட்டு முழுவதற்குமாகக் காது உணரும் சராசரிச் சத்த அளவு. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 லஃப்ஸ் அளவில் பாட்டுகளைச் சமன்படுத்துகின்றன, ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16. இதைப் படித்த உடனே எல்லோரும் மீட்டரில் மைனஸ் 14 வரும்வரை மல்லுக்கட்டுகிறார்கள். அது இலக்கு இல்லை. உங்கள் பாட்டு மைனஸ் 10-ல் இருந்தால் தளம் 4 டெசிபல் குறைத்து ஒலிக்கவிடும், அவ்வளவுதான். சத்தத்துக்காக நீங்கள் நசுக்கிய நசுக்கல் மட்டும் அப்படியே இருக்கும், சத்தம் இருக்காது. குத்துப் பாட்டு மைனஸ் 10 அல்லது 11-ல் நன்றாக இருந்தால் விடுங்கள். ஒற்றைக் குரலும் வீணையும் மைனஸ் 16-ல் மூச்சு விடுகிறதென்றால் அதையும் விடுங்கள். ஒரு வேறுபாடு மட்டும் நினைவிருக்கட்டும்: மெல்லிய பாட்டை ஸ்பாட்டிஃபை கொஞ்சம் தூக்கும், யூடியூப் தூக்காது. யூடியூபில் கணினியில் ஓடும் காணொளி மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால் எவ்வளவு குறைத்திருக்கிறது என்று தெரியும். உங்களுக்குப் பிடித்த பெரிய பாட்டுகளை அங்கே பார்த்துவிட்டு வாருங்கள், பயம் தெளியும்.

யாருடைய பாட்டு?

ஏற்றுமுன் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். மெட்டு யார், வரிகள் யார், பாடியவர் யார், வாசித்தவருக்குக் கூலியா பங்கா, எத்தனை சதவீதம்? ஒரே பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். “நமக்குள்ளே என்னடா கணக்கு” என்று சொல்லும் நண்பனிடம்தான் முதலில் வாங்க வேண்டும். பாட்டு ஓடாதவரை யாருக்கும் கணக்கு நினைவு வராது.

சினிமாப் பாட்டின் கவர் பதிப்போடு தொடங்காதீர்கள். 2012-ல் திருத்திய இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, மூலப் பாட்டு பதிவாகி ஐந்து ஆண்டு முடியும்வரை சட்டம் தரும் கவர் உரிமமே கிடையாது. அதற்குப் பிறகும் முன்னறிவிப்பு, முன்பணம் என்று நீளும். கீர்த்தனை என்றால் யாருடையது என்று பாருங்கள். ஒருவர் இறந்த பிறகு 60 ஆண்டு காப்புரிமை இருக்கும். தியாகராஜர் 1847-ல் மறைந்தவர், கவலையில்லை. பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தவர், ஆகவே 2033 முடியும்வரை அவர் பாடல்கள் காப்புரிமைக்குள் இருக்கின்றன. கச்சேரியில் எல்லோரும் பாடுகிறார்களே என்று இந்த இடத்தில் சறுக்குகிறவர்கள் அதிகம். பாரதியார் பாடல்கள் 1949-லேயே அரசு வாங்கி, பின்னர் பொதுவுடைமையாக்கியவை. ஆனால் அவற்றுக்கு ஏற்கெனவே வேறொருவர் போட்ட மெட்டு, போட்டவருடையதுதான். வரி பாரதியுடையது, மெட்டு உங்களுடையது என்றால் நிம்மதி.

பாட்டில் விலைக்கு வாங்கிய பீட்டோ இலவச லூப்போ இருந்தால், விநியோகத் தளத்தில் ஏற்றும்போது வரும் யூடியூப் கன்டென்ட் ஐடி (உங்கள் ஒலி உள்ள காணொளிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறை) என்ற பெட்டியை டிக் செய்யாதீர்கள். அதே லூப்பைப் போட்ட முன்பின் தெரியாத யாருடைய காணொளிக்கெல்லாமோ உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போகும்.

விநியோகத் தளத்தைத் தேர்வது

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் ஆகியவற்றில் தனிநபர் நேராக ஏற்ற முடியாது, நடுவில் ஒரு விநியோகத் தளம் வேண்டும். பணம் வாங்கும் முறையில்தான் வேறுபாடு. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் ஆகியவற்றில் ஆண்டுச் சந்தா கட்டி எத்தனை பாட்டும் ஏற்றலாம். சந்தா நின்றால் பாட்டுகள் இறங்கிவிடும். டிஸ்ட்ரோகிட்டில் தனிக் கட்டணம் கட்டினால் சந்தா நின்ற பிறகும் பாட்டு இருக்கும். சிடி பேபியில் வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும், வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் ஏற்றக் காசில்லை, 15 சதவீதம் எடுப்பார்கள்.

என்னைக் கேட்டால், முதல் பாட்டுக்குச் சந்தா கட்டாதீர்கள். ஆண்டுக்கு நான்கு பாட்டாவது வெளியிடப் போகிறீர்கள் என்று கை ஓடத் தொடங்கிய பிறகு சந்தாவுக்கு மாறுங்கள். அதுவரை வராத பணத்தில் 15 சதவீதம் போனால் போகட்டும்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி என்ற 12 எழுத்து அடையாள எண் உண்டு. இந்தியாவில் இதை வழங்குவது ஐ.எம்.ஐ என்ற அமைப்பு. ஆனால் தளங்களே இலவசமாகத் தரும் எண் தொடக்கத்துக்குப் போதும். வந்ததும் குறித்துவையுங்கள். பின்னால் தளம் மாறினால் அதே ஃபைலை அதே எண்ணோடு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்த எண்ணிக்கை எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் இன்ஸ்டாகிராம் முகவரியோ தளங்களின் சின்னமோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெயரும் தேதியும்

தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரம் காலை வாரும். ‘மழை’யை இசட்-எச் போட்டு எழுதுவோர் ஒரு பக்கம், வெறும் இசட் போடுவோர் ஒரு பக்கம், எல் போட்டு மலையாக்குவோர் ஒரு பக்கம். ஏதோ ஓர் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து, விநியோகத் தளம், யூடியூப், அட்டைப் படம், உரிமைப் பதிவு எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்துங்கள். கலைஞர் பெயரிலும் கவனம் வேண்டும். நான் ஒற்றைப் பெயரில் வெளியிட்டேன். என் பாட்டு இரண்டு வாரம் அதே பெயருள்ள வேறு நாட்டு டிஜே ஒருவரின் பக்கத்தில் கிடந்தது. அவருடைய ரசிகர்கள் என்ன நினைத்தார்களோ! இன்ஷியலையோ ஊர்ப் பெயரையோ சேர்த்து, அந்தப் பெயரில் வேறு யாருமில்லை என்று எல்லாத் தளத்திலும் தேடிப் பார்த்த பிறகு முடிவுசெய்யுங்கள்.

வெளியீட்டுத் தேதியை ஏற்றும் நாளிலிருந்து நான்கு வாரம் தள்ளி வையுங்கள். தளம் சரிபார்க்கச் சில நாள் ஆகும். அதன்பின் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ் கணக்கில் வரவிருக்கும் பாட்டு தெரியும். அங்கிருந்து பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக்கலாம். வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்பு இதைச் செய்தால், ஆசிரியர்கள் எடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலில் பாட்டு வந்து சேரும். நான் முதல் பாட்டை ஏற்றிய வேகத்தில் இந்த வழி ஒன்று இருப்பதே தெரியாமல் போனது. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமையே வெளியீட்டு நாள். நமக்கு அது கட்டாயமில்லை. பெரிய நடிகர் படத்தின் முதல் சிங்கிள் வருகிற நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்றைக்கு நம் சொந்தக்காரர்களே நம் இணைப்பைத் திறக்கமாட்டார்கள்.

பணம் வரும் வழி

ஸ்ட்ரீமிங்கில் முதல் ஆண்டு முழுவதும் எனக்கு வந்தது ஒரு கிட்டார் கம்பி செட் விலையைத் தொடவில்லை. 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமைத் தொட்டால்தான் அதற்குப் பங்கு கணக்கிடப்படும். அந்த ஆயிரத்தை விலைக்குத் தருகிறேன் என்று வரும் குறுஞ்செய்திகளை அழித்துவிடுங்கள். போலி ஸ்ட்ரீம் கண்டுபிடிக்கப்பட்டால் பாட்டு இறக்கப்படலாம், அபராதம் விநியோகத் தளம் வழியாக உங்கள் தலையில் விழலாம்.

அமெரிக்கத் தளம் என்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்பார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் பான் எண்ணைக் கொடுத்து வரி ஒப்பந்தப் பகுதியையும் நிரப்பினால், அமெரிக்காவில் ஈட்டிய பங்குக்குப் பிடித்தம் 30 சதவீதத்துக்குப் பதில் 15 ஆகும்.

உண்மையில் காசு கொடுத்து வாங்குபவர்கள், கலைஞர்கள் நேராகவே பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் கிடைக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உங்களுக்கு பேபால் வழியாக வரும். வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு இந்த இணைப்பை அனுப்புங்கள். உள்ளூரில் அதைவிட நன்றாக வேலை செய்வது கச்சேரி முடிந்த இடத்தில் ஒரு யூ.பி.ஐ அட்டை: “ஐம்பது ரூபாய் போட்டால் வேவ் ஃபைல் வாட்ஸப்பில் வரும்.” ஒரே மாலையில் பதினோரு பேர் போட்டார்கள். கம்பி செட் வந்துவிட்டது. மெட்டும் வரியும் உங்களுடையதென்றால், பாட்டு வெளிவந்த பிறகு, இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ் அமைப்பில் உறுப்பினராகி அதைப் பதிவுசெய்யுங்கள். பாடகர்களுக்கு, முன்பு இஸ்ரா என்றும் இப்போது இசாம்ரா என்றும் அழைக்கப்படும் தனி அமைப்பு உண்டு. விநியோகத் தளம் அனுப்பும் பணமும் இவர்கள் வசூலிக்கும் பணமும் வேறு வேறு.

வெளியான பிறகு

அன்று காலை ஒவ்வொரு செயலியிலும் பாட்டைத் தேடுங்கள், தப்பான எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். முதல் ஐந்து நொடி, கடைசி ஐந்து நொடி சரியாக ஒலிக்கிறதா, பாடலாசிரியர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மிக்ஸ் புராஜெக்ட், மாஸ்டர் ஃபைல், இசை வடிவம், அட்டைப் படம், வரிகள், அந்த ஒரு பக்க ஒப்பந்தம், ஐ.எஸ்.ஆர்.சி எண் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு இரண்டு இடத்தில் வையுங்கள்.

சந்தா முறையில் இருந்தால் புதுப்பிக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பு கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். 2021 அக்டோபர் 1 முதல் தானாகப் பிடிக்கும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய பின், வெளிநாட்டுச் சந்தாக்கள் பல நம் கார்டில் சத்தமில்லாமல் தோற்றுப்போயின. என்னுடையதும் அப்படித்தான் ஓர் ஏப்ரலில் போனது. தளம் அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சல் விளம்பர ஃபோல்டரில் கிடந்தது. நான்கு பாட்டும் இறங்கிவிட்டதை மூன்று வாரம் கழித்துக் கல்லூரி நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஃபோல்டரில் பழைய ஐ.எஸ்.ஆர்.சி எண்கள் இருந்ததால் அதே ஃபைல், அதே எண், அதே எழுத்துக்கூட்டலோடு மறுபடி ஏற்றினேன். பத்து நாளில் பழைய எண்ணிக்கை திரும்பி வந்தது.